தலை எரிந்த சரித்திரம்

தமிழில் கூந்தல் விவகாரத்தால் முதன்முதலில் உடம்பு வெந்தவர் நக்கீரர். பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று பாண்டியனுக்கு வேலையில்லாத நேரத்தில் வந்த சந்தேகம், ஆயிரம் பொன், தருமி, நெற்றிக்கண் என்று கதை எல்லாருக்கும் தெரியும். 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் நாகேஷ் தனியாகப் புலம்பியதை இன்றைக்கும் கிள்ளான் கல்யாண மண்டபத்தில் யாராவது ஒரு மாமா புலம்பிக் காட்டாமல் பந்தி முடிவதில்லை. ஆனால் அதற்கு அப்புறம் வரும் கட்டத்தை ஒருவரும் கவனிப்பதில்லை. எரிச்சல் தாங்காத நக்கீரர் தைலம் தேடினாரா? வைத்தியரைக் கூப்பிட்டாரா? நேரே போய்ப் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தார். மேலே ஏதாவது பட்டு எரிந்தால் பெரும்பாலும் முதலில் தண்ணீர், நிறையத் தண்ணீர். முதலுதவிப் புத்தகங்கள் இன்றும் அதைத்தான் சொல்கின்றன.

எனக்கு அந்தப் புத்தி வரவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் முடிவெட்டிக்கொள்ளும் கடையில் ஒரு புதுக்கோட்டைக்காரர் இருக்கிறார். வெட்டி முடித்ததும் சின்னக் கண்ணாடி ஒன்றை என் பிடரிக்குப் பின்னால் பிடித்து “ஓகேவாண்ணே?” என்பார். புதுப் பாலத்தைப் பார்வையிட வந்த மந்திரி மாதிரி நானும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் தலையாட்டுவேன். முப்பத்தைந்து வயதில் ஒருநாள் வெட்டி முடித்தார், துணியை உதறினார், கண்ணாடியை எடுக்கவில்லை. “கண்ணாடி?” என்றேன். “எதுக்குண்ணே” என்றார். அவ்வளவுதான். டாக்டர்கள்கூட இவ்வளவு பக்குவமாகக் கெட்ட செய்தி சொல்லி நான் கேட்டதில்லை.

(இந்தியாவிலிருந்து முடிதிருத்துநர்களைக் கொண்டுவர 2009இல் மலேசிய அரசாங்கம் தடை போட்டது. 2023இல் மறுபடி அனுமதிப்பதாகச் சொன்னது. அந்தப் பதினான்கு ஆண்டில் கடைகளில் ஆள் குறைந்தது, என் தலையில் முடி குறைந்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்று சொல்கிறார்கள்.)

அதற்கப்புறம் கிள்ளானில் ஓர் இடத்துக்குப் போனேன். பெயரும் தெருவும் வேண்டாம், பிழைத்துப் போகட்டும். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் என் உச்சந்தலையைக் கேமராவில் படமெடுத்துத் திரையில் போட்டுக் காட்டினார். கோடையில் காய்ந்த கண்மாய் போல இருந்தது. லேபிள் இல்லாத ஒரு பாட்டிலைக் கொடுத்து இருநூற்றெண்பது வெள்ளி வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாள் தலை அரித்தது. ஐந்தாம் நாள் எரிந்தது. ஏழாம் நாள் மாவு சலித்த மாதிரி சட்டையெல்லாம் வெள்ளைத் தூள். போன் போட்டேன்.

“எரியுதா அங்கிள்? அப்போ மருந்து வேலை செய்யுதுலா.”

அங்கிள் என்றதை மன்னித்துவிட்டேன். “எரிந்தால் வேலை செய்கிறது” என்றதைத்தான் விட முடியவில்லை. அன்றிரவு பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில், மின்விசிறிக்கு நேர் கீழே, ஈரத்துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு படுத்திருந்தேன். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் குடிசைகளைத் தின்ற பிறகு, இனிமேல் செங்கல்லில்தான் கட்டவேண்டும் என்று சுவெட்டன்ஹாம் துரை உத்தரவு போட, கப்பித்தான் யாப் குவான் செங் சூளை வைத்த பேட்டை இது. ஊரின் பெயரே செங்கல்லிலிருந்து வந்தது. சூளைகள் போய் எத்தனையோ காலமாயிற்று. அன்றைக்கு ஒன்று மட்டும் திரும்ப வந்து என் மண்டையில் எரிந்தது.

தூக்கம் வராதவன் சரித்திரம் படிப்பான். படிக்கப் படிக்கத் தெரிந்தது, கிள்ளான் பெண் சொன்னது அவருடைய சொந்தச் சரக்கு அல்ல. ஆயிரக்கணக்கான வருஷமாக மொட்டை மண்டைகளுக்குச் சொல்லப்பட்டுவரும் பொய்யைத்தான் அவரும் சொல்லியிருக்கிறார்.

வழுக்கை வைத்தியத்தின் கதையை எகிப்தில் தொடங்குவோம். கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட ஒரு வைத்தியச் சுருளை 1873இல் எபர்ஸ் என்ற ஜெர்மானியர் லக்சரில் விலைக்கு வாங்கினார். அதில் வழுக்கைக்கு மருந்து இருக்கிறது: சிங்கம், நீர்யானை, முதலை, பூனை, பாம்பு, மலையாடு, ஆறின் கொழுப்பையும் கலந்து தலையில் பூசவேண்டும். சிங்கம் சரி, பிடரி இருக்கிறது. பூனைக்கும் ஆட்டுக்கும் ரோமம் உண்டு. முதலை? பாம்பு? நீர்யானையைத் தைப்பிங் மிருகக்காட்சிசாலையில் போய்ப் பாருங்கள், அது என்னைவிட மோசம். முடி வளர்ப்பதற்கு முதலையிடம் யோசனை கேட்ட இதே கூட்டம்தான் பிரமிடும் கட்டியது என்பதை நினைத்தால் மனிதகுலத்தின் மேல் ஒரு நம்பிக்கை வருகிறது. பூனையை மட்டும் மறந்துவிடாதீர்கள். அந்தப் பூனை கடைசியில் திரும்ப வரும்.

கிரேக்கத்தில் ஹிப்போகிராட்டிஸ். மருத்துவத்தின் தந்தை, அவருக்கே வழுக்கை. புறாவின் எச்சம், சீரகம், முள்ளங்கி என்று பூசச் சொன்னதாக அவர் பெயரில் ஒரு பட்டியல் சுற்றுகிறது. புறா எச்சத்துக்கு நான் ஜாலான் துன் சம்பந்தன் வரைக்கும்கூடப் போகவேண்டாம், என் காரின் மேலேயே வேண்டிய மட்டும் உண்டு. எச்சம் எரிக்கும், முள்ளங்கி எரிக்கும். எரிந்தால் ரத்தம் ஏறும், ரத்தம் ஏறினால் முடி முளைக்கும் என்பது அந்தக் காலத்து நியாயம். அவருக்கு முளைக்கவில்லை. உச்சி போய்க் காதோரம் மட்டும் வட்டமாக மிஞ்சும் முடிக்கு ஹிப்போகிராட்டிஸின் மாலை என்றே ஆங்கில வைத்தியர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். ஆனாலும் மனுஷன் ஒரு நல்ல காரியம் செய்தார். ஆண்மை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று கவனித்து எழுதிவைத்தார். அதன் அர்த்தம் புரிய உலகத்துக்கு இன்னும் இரண்டாயிரத்து முந்நூறு வருஷம் ஆயிற்று.

வழுக்கையர்களில் மருந்தே தொடாமல் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் இரண்டு பேர். ஜூலியஸ் சீசருக்கு எந்நேரமும் வாகை மாலை சூடிக்கொள்ள ரோமானிய சபை அனுமதி தந்தது. தனக்குக் கிடைத்த பட்டங்களில் அவர் மிகவும் விரும்பியது அதைத்தானாம், முன்வழுக்கையை மறைத்ததே. இன்னொருவர் விவிலியத்து எலிசா தீர்க்கதரிசி. மொட்டைத் தலையா என்று பையன்கள் கேலி செய்தார்கள், சபித்தார், இரண்டு கரடிகள் காட்டிலிருந்து வந்து நாற்பத்திரண்டு பேரைப் பீறிப்போட்டன. மருமகப் பிள்ளைகள் கூடும் தீபாவளிக்கு எனக்கு அந்தக் கரடிகள் ஒருநாள் வாடகைக்குக் கிடைத்தால் போதும்.

நம் பக்கம் வருவோம். மற்றவர்களைச் சொல்லிவிட்டு நம்மவர்களை விட்டால் சாமி கண்ணைக் குத்தும்.

திட்டுத் திட்டாக முடி போவதை நாம் புழுவெட்டு என்கிறோம். ஆயுர்வேதத்தில் இந்திரலுப்தம். இந்திரன் பறித்துக்கொண்டது என்று பொருள் சொல்கிறார்கள். அகலிகை விஷயத்தில் பட்டும் திருந்தாதவர், கடைசியில் நம் தலை மயிரிலும் கை வைத்துவிட்டார். இதற்குச் சுசுருதர் சொல்லும் சிகிச்சை: நரம்பைக் கீறி ரத்தம் வெளியேற்று. பிறகு மனோசிலை, அன்னபேதி, மயில்துத்தம், மிளகு, நான்கையும் அரைத்துத் தலையில் பத்துப் போடு. மனோசிலையில் ஆர்செனிக், அன்னபேதி இரும்பு உப்பு, மயில்துத்தம் தாமிர உப்பு. மிளகு ஒன்றுதான் வீட்டுச் சாமான், அதுவும் கீறின மண்டையில். இதைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தவனுக்கு முடி போன கவலை அன்றைக்காவது மறந்திருக்கும்.

அதே சுசுருதர் புண் ஆறின இடத்தில் மயிர் முளைக்க இன்னொன்று சொல்கிறார். யானைத் தந்தத்தைச் சுட்டுக் கரியாக்கி, மரமஞ்சள் சாரத்தோடு குழைத்துப் பூசினால் உள்ளங்கையில்கூட மயிர் முளைக்குமாம். விளம்பரம் எழுதுகிறவர்கள் எல்லாரும் வரிசையில் நின்று இவர் காலில் விழவேண்டும். உலகத்தில் எந்தக் கம்பெனியும் இன்றுவரை உள்ளங்கைக்கு உத்தரவாதம் தந்ததில்லை.

இதையும் மிஞ்சியது சேராங்கொட்டை. தேன் விட்டுக் குழைத்து இந்திரலுப்தத்தின் மேல் தடவச் சொல்லும் பழைய நூல்கள் உண்டு. வண்ணார்கள் வெள்ளைத் துணியில் அழியாத குறி போட்டதும் இந்தக் கொட்டையின் பாலில்தான். தோலில் பட்டால் கொப்புளம். இரண்டாம் உலகப் போரில் இந்தியாவுக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கழுத்திலும் இடுப்பிலும் திட்டுத் திட்டாகப் புண் வந்தது. ராணுவ டாக்டர்கள் என்னென்னவோ தேடிக் கடைசியில் சட்டைக் காலரில் இருந்த வண்ணான் குறியைக் கண்டுபிடித்தார்கள். சேராங்கொட்டை, முந்திரி, மா, நம் மலேசியக் காட்டில் மரம் வெட்டுகிறவர்கள் கிட்டே போகப் பயப்படும் ரெங்காஸ் மரம், எல்லாம் ஒரே குடும்பம். துணியில் பட்டாலே கழுத்து வெந்துபோகும் சரக்கை நேராகத் தலையில் தேய்க்கச் சொன்னவர் எவ்வளவு நம்பிக்கையோடு இருந்திருக்கவேண்டும்!

வெள்ளைக்காரன் மட்டும் குறைச்சலா? அவனுடைய விக்டோரியா காலத்துக் கூந்தல் தைலங்களில் கேந்தரைடிஸ் என்ற கொப்புளப் பூச்சியின் சாறு போட்டார்கள். பெயரிலேயே இருக்கிறது அதன் குணம். நாமும் விடவில்லை. பிரபுல்ல சந்திர ராய் தொடங்கிய பெங்கால் கெமிக்கல்ஸ் கேந்தரிடின் பெயரிலேயே ஒரு தலை எண்ணெய் போட்டு, கல்கத்தாவின் பல தலைமுறைகள் அதைத் தேய்த்து வளர்ந்தன. எரிச்சல் இல்லாத எண்ணெய் என்றால் ஒன்று நம் பக்கத்துக் கடலிலிருந்துதான் போயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ரௌலண்ட் என்ற லண்டன் முடிதிருத்துநர், சுலாவெசித் தீவின் மக்காசார் துறைமுகத்தின் பெயரில் ஒரு தைலம் விற்றார். தேங்காய் எண்ணெயோடு கெனாங்காப் பூ வாசனை. நம் கம்பத்துப் பெண்கள் சும்மா தேய்த்ததைப் பாட்டிலில் அடைத்து, துரைமார் தலைக்கு ஏற்றிவிட்டார். முடி வளர்ந்ததா தெரியாது. துரைமார் சாய்ந்த நாற்காலிகள் எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. அதற்காகவே வீட்டுக்கார அம்மாமார் நாற்காலி முதுகில் ஒரு துணி விரிக்க ஆரம்பித்தார்கள். அந்தத் துணிக்கு ஆங்கிலத்தில் மக்காசார்-எதிர்ப்புத் துணி என்றே பெயர். வழுக்கைக்கு வைத்தியம் தேடிய மனிதன் கடைசியில் கண்டுபிடித்தது நாற்காலி உறை.

இந்த இடத்தில் பாட்டியைக் கொண்டுவராவிட்டால் கனவில் வந்து திட்டும்.

தாத்தா மலாயா ரயில்வேயில் வேலை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் என்று ஒரு வரிசை இருந்தது, இப்போது இடித்தாகிவிட்டது. அங்கேதான் குடியிருந்தார்கள். பாட்டியின் வைத்தியப் பெட்டியில் பேனுக்கு மண்ணெண்ணெய், பொடுகுக்கு வெந்தயம், மற்ற எல்லாவற்றுக்கும் சின்ன வெங்காயம். எனக்குப் பத்து வயதில் காதுக்கு மேலே ஐம்பது காசு அளவில் ஒரு புழுவெட்டு வந்தது. பாட்டி வெங்காயத்தை நசுக்கி, சாறு சொட்டச் சொட்ட, காலையும் மாலையும் தேய்த்தது.

“எரியுது பாட்டி!”

“எரியட்டும்டா. எரிஞ்சாத்தான் மயிரு வரும்.”

பள்ளிக்கூட பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. ஆனால் முடி வந்தது! பாட்டி சாகும்வரை இதைச் சொல்லிச் சொல்லியே ஊரில் பாதிப் பேர் தலையில் வெங்காயம் தேய்த்தது. மாமாவுக்கு நெற்றியிலிருந்து பின்வாங்கிக்கொண்டிருந்த வழுக்கைக்கும் தேய்த்தது. மாமாவுக்கு வந்ததெல்லாம் கண்ணீர்தான்.

பல வருஷம் கழித்து எனக்கு இதன் சூட்சுமம் புரிந்தது. 2002இல் பாக்தாத் மருத்துவர்கள் புழுவெட்டுக்காரர்கள் இருபத்துமூன்று பேருக்கு வெங்காயச் சாறும் பதினைந்து பேருக்கு வெறும் குழாய்த் தண்ணீரும் தேய்த்துப் பார்த்தார்கள். ஆறு வாரத்தில் வெங்காயக்காரர்களில் இருபது பேருக்கு முடி முளைத்தது, தண்ணீர்க்காரர்களில் எட்டு வாரம் போயும் இரண்டே பேருக்கு. சின்ன ஆராய்ச்சிதான். ஆனால் பாட்டியின் கட்சிக்கு அது போதும். புழுவெட்டு என்பது உடம்பின் காவல்படையே மயிர்க்காலைத் தாக்கும் நோய். அந்த இடத்தில் வேண்டுமென்றே ஓர் எரிச்சலைக் கிளப்பிவிட்டால் காவல்படையின் கவனம் அந்தப் பக்கம் திரும்பும் என்று கருதுகிறார்கள். இன்றைய தோல் மருத்துவர்களே டிபிசிபி என்ற ரசாயனத்தை வாரம் ஒருமுறை தடவி, ஒன்றிரண்டு நாள் அரிக்கும் அளவுக்கு ஒவ்வாமையைக் கிளப்பி, கடுமையான புழுவெட்டுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். மிளகும் மனோசிலையும் அரைத்தவர் முழு முட்டாள் இல்லை. அந்த ஒரு நோய்க்கு எரிச்சலில் கொஞ்சம் நியாயம் இருந்தது. அதைக் கொண்டுபோய் எல்லா வழுக்கைக்கும் பூசியதுதான் சரித்திரத்தின் பிழை.

மாமாவுக்கும் எனக்கும் சீசருக்கும் வந்தது வேறு. 1942இல் ஹாமில்டன் என்ற அமெரிக்கர், ஆண் சுரப்பு இல்லாமற்போன நூற்றுநான்கு ஆண்களை ஆராய்ந்தார். ஹிப்போகிராட்டிஸ் சொன்னது சரியாக இருந்தது, வழுக்கை விழவில்லை. சும்மா இருந்திருக்கலாம். குடும்பத்தில் வழுக்கை உள்ள சிலருக்கு அந்தச் சுரப்பை ஊசியாகப் போட்டுப் பார்த்தார், முடி கொட்ட ஆரம்பித்தது. ஆக, வழுக்கைக்கு வேண்டியவை இரண்டு: அப்பன் பாட்டன் தந்த விதி, ஆம்பளைச் சுரப்பு. ரத்தம் ஏறாத குறையால் வருவதில்லை. புறா எச்சத்தைத் தேய்த்து உச்சந்தலையைச் சிவக்க வைத்தால் சிவந்த வழுக்கை கிடைக்கும்.

அடுத்து வருகிறது மினாக்சிடில். வழுக்கைக்காரர்கள் சரித்திரத்தில் இதுவரை உருப்படியாக ஏதாவது நடந்திருந்தால் இதுதான், இதுவும் தவறிப்போய் நடந்தது. மிச்சிகன் மாநிலத்தில் அப்ஜான் கம்பெனி வயிற்றுப்புண்ணுக்கு மருந்து தேடியது. புண் ஆறவில்லை, ரத்தக் குழாய் விரிந்தது. சரி, ரத்த அழுத்தத்துக்கு ஆகும் என்றார்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தில் சிட்சி என்ற டாக்டர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்தார். அழுத்தம் இறங்கியது, முடி ஏறியது, அதுவும் கன்னம், நெற்றி, முதுகு என்று வேண்டாத இடத்திலெல்லாம். இருதய டாக்டருக்கு என்ன தெரியும், தோல் டாக்டர் கான் என்பவரைக் கூப்பிட்டார். கானும் அவரிடம் பயின்ற கிராண்ட் என்ற இளைஞரும் 1971இல் மாத்திரையைக் கரைத்துத் தங்கள் உடம்பிலேயே பூசிப் பார்த்தார்கள். முளைத்தது.

வெறும் கஷாயத்துக்கே சண்டை போடும் உலகம் இது, முடி முளைக்கிறது என்றால் விடுமா? காப்புரிமை யாருக்கு என்று கம்பெனிக்கும் டாக்டர்களுக்கும் பல வருஷத் தகராறு. 1986இல்தான் சிட்சி, கான் இருவர் பெயரும் காப்புரிமையில் ஏறின. மாத்திரைக்கு 1979இலும், தலையில் பூசும் 2 சதவீதக் கரைசலுக்கு 1988 ஆகஸ்ட் 17இலும் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அதற்கு ‘ரீகெய்ன்’ என்று பெயர் வைத்தார்கள். திரும்பப் பெறுவாய் என்று அர்த்தம் வருகிறதே, எல்லாருக்குமா திரும்ப வருகிறது என்று அமெரிக்க அதிகாரிகள் மறுக்க, அங்கே மட்டும் அது ‘ரோகெய்ன்’ ஆயிற்று. உள்ளங்கைக்கே உத்தரவாதம் தந்த சுசுருதருக்கு அப்படி ஒரு அதிகாரி வாய்க்கவில்லை.

இப்போது என் எரிச்சலுக்கு வருகிறேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மருந்துக்கடையில் ஓர் அம்மா இருக்கிறார். மருந்தாளர். என் தலையைப் பார்த்துவிட்டு, கேமரா எதுவும் இல்லாமலே கேட்டார்.

“என்ன போட்டீங்கண்ணே?”

பாட்டிலை நீட்டினேன்.

“லேபிளே இல்லையே. மால் நம்பர் எங்க?”

மலேசியாவில் பதிவான எந்த மருந்தின் மேலும் மால் என்று தொடங்கும் எண் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருப்பது மினாக்சிடிலா, மயில்துத்தமா, முதலைக் கொழுப்பா என்று சொல்ல ஆண்டவனால்தான் முடியும். தலையில் பட்டதைத் துளிகூட விடாமல் நன்றாகக் கழுவச் சொன்னார், நக்கீரர் வைத்தியம். பாட்டிலை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒழுங்கான மருந்து போட்டாலும் சிலருக்கு ஏன் அரிக்கிறது என்று விளக்கினார். அந்த அம்மா சொன்னது அத்தனை சரித்திரப் புத்தகங்களையும் கவிழ்த்துவிட்டது.

மினாக்சிடில் தண்ணீரில் சரியாகக் கரையாது. அதனால் சாராயமும் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவமும் சேர்த்துக் கரைக்கிறார்கள். 5 சதவீதக் கரைசல் பலவற்றில் பாதிக்குப் பாதி இந்தக் கிளைக்கால்தான். மேடைக் கச்சேரியில் பாட்டுக்காரர் வரும்போது புஸ்ஸென்று புகை கிளப்புகிறார்களே, அந்த இயந்திரத்துக்கு ஊற்றும் தண்ணீரிலும் இது உண்டு. நிறையப் பேருக்கு அரிப்பு, சிவப்பு, செதில் கொண்டுவருவது இதுதான், மருந்து அல்ல. கீறல் உள்ள தலையில் சாராயம் தன் பங்குக்குக் கடிக்கும். அதற்கு மேல் நம் ஊர்ப் புழுக்கம், அதற்கு மேல் மோட்டார் ஹெல்மெட். உள்ளே ஒரு சின்னச் சூளையே ஓடும்.

“அப்போ எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம் இல்லையாம்மா?”

“எரிஞ்சா எரியுதுன்னுதான்ணே அர்த்தம்.”

நான் படித்த அத்தனை வைத்திய நூலிலும் இவ்வளவு சுருக்கமான சூத்திரம் இல்லை. கிரேக்கத்திலிருந்து கிள்ளான் வரை எரிச்சலை மருந்தின் கையெழுத்து என்று நம்பினார்கள். கடைசியில் உண்மையிலேயே முடி முளைக்க வைக்கும் மருந்து ஒன்று வந்தபோது, எரித்தது மருந்து அல்ல, அதைச் சுமந்துவந்த திரவம்.

இந்தக் கிளைக்கால் இல்லாமல் நுரையாக ஒன்று 2006இல் அமெரிக்காவில் வந்தது. கரைசல் ஒத்துக்கொள்ளாத பலருக்கு அது ஒத்துக்கொள்கிறது. மினாக்சிடிலே ஒத்துக்கொள்ளாத சிலரும் உண்டு, அவர்களுக்கு நுரையும் பயன்படாது. எது காரணம் என்று கண்டுபிடிக்கத் தோல் டாக்டர்கள் முதுகில் சின்னச் சின்ன ஒட்டுக் கட்டி இரண்டு நாள் வைத்துப் பார்க்கிறார்கள். எனக்குக் கட்டினார்கள். அந்த இரண்டு நாளும் குளிக்கக்கூடாது. கோலாலம்பூரில். மனைவி அம்மா வீட்டுக்குப் போய்விட்டு மூன்றாம் நாள் வந்தாள். கிளைக்கால்தான் குற்றவாளி என்று தெரிந்தது.

நுரைக்கு மாறினேன். முதல் இரண்டு மாதம் இருந்ததும் கொட்டியது. கிள்ளானுக்குப் போன் போடக் கை துடித்தது. பழைய முடியைத் தள்ளிவிட்டுத்தான் புது முடி வரும், அது இயல்பு, பொறுங்கள் என்றார் மருந்துக்கடை அம்மா. நாலு மாதம் பொறுத்தேன். நிறுத்தினால் சில மாதத்தில் பழைய கதிதான், ஆகவே இது எனக்கும் நுரைக்கும் தாலி கட்டாத கல்யாணம். போன வாரம் புதுக்கோட்டைக்காரர் வெட்டி முடித்துத் துணியை உதறினார். கொஞ்சம் யோசித்தார். அப்புறம் கண்ணாடியை எடுத்து, நேராகப் பின்னால் பிடிக்காமல், சற்று ஓரமாக, வெளிச்சம் நல்லதாக விழும் கோணத்தில் பிடித்தார். “ஓகேவாண்ணே?”

மந்திரி மாதிரி தலையாட்டினேன்.

பூனை திரும்ப வரும் என்றேனே. எகிப்தியர் வழுக்கைக்காகப் பூனையின் கொழுப்பை எடுத்தார்கள். நாம் அதைச் செய்வதில்லை என்று பெருமைப்பட வேண்டாம். மினாக்சிடில் பூனைக்குக் கொடிய விஷம். தலையணையில் ஒட்டினதையோ உங்கள் கையில் மிஞ்சினதையோ கொஞ்சம் நக்கினாலும் இருதயம் கெட்டு, நுரையீரலில் நீர் கோத்துச் செத்துப்போகலாம். வீட்டில் பூனை இருந்தால் மருந்து போட்டதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தலை நன்றாகக் காய்ந்த பிறகு படுங்கள், பூனையைத் தலையணையில் ஏற்றாதீர்கள்.